எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை

அக்காவின் மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்ததும், சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்றுதான். அப்பா முந்திக்கொண்டு, எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நான் அன்றைக்கு ஊரில், வேங்கிக்காலில் அக்கா வீட்டில் இருந்து அவள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். கூடப் போயிருந்தால் அங்கேயே சண்டை பிடித்திருப்பேன்.

ஏனென்றால் அப்பாவின் சொந்தத் தங்கை, என் அத்தை, இதே கட்டி வந்துதான் செத்தாள். எனக்கு அவள் மாமியாரும்கூட. முறை விட்டுப்போகக் கூடாதென்று அவள் மகனுக்கே என்னைக் கட்டிவைத்தார்கள்.

ஆபரேஷன் முடிந்தபின் அக்காவின் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். அதில் கோளாறு இருந்ததால் எங்களையும் வரச்சொன்னார்கள். உடம்பில் செல்கள் ஓயாமல் பெருகிக்கொண்டே இருக்கும், போதும் நில் என்று அவற்றை அடக்கவும், பழுதானதைச் சரிசெய்யவும் சில மரபணுக்கள் இருக்கின்றன என்றார் டாக்டர். ஒவ்வொன்றும் இரண்டிரண்டு, அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. ஒன்று பிறவியிலேயே கெட்டு வந்தாலும் மற்றது காவல் காக்கும். ஏதோ ஒரு செல்லில் அதுவும் கெட்டுப்போனால் அந்த செல்லை நிறுத்த ஆளில்லை. இது பெற்றவர் வழியாகத்தான் வந்திருக்கிறது, யார் பக்கம் என்று மறுபடி கேட்டார். அப்பா மறுபடி அதே பல்லவியைப் பாடினார்.

"அத்தைக்கு வந்துச்சேப்பா" என்றேன்.

"அவளத்தான் கீழ்பென்னாத்தூருக்குக் கட்டிக்குடுத்துட்டோமேம்மா. அவ வேற வீடு, வேற குலசாமி."

பொய் சொல்லவில்லை அவர். எங்கள் குலசாமி கோயில் பொங்கலுக்கு அத்தை விருந்தாளியாகத்தான் வருவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணம் பண்ணிக்கொடுத்தால் ரத்தம் மாறிவிடுமா என்று சண்டைக்கே போனேன். அத்தை போனபோதே யாராவது வாயைத் திறந்திருந்தால், அக்காவின் கட்டியை அரைநெல்லி அளவிலேயே பிடித்திருக்கலாம். அப்பாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

அடுத்து எனக்குப் பரிசோதனை. முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை. எனக்காக இல்லை, காலேஜ் படிக்கும் என் மகளுக்காக. என்னிடம் இருந்தால்தானே அவளுக்குப் போகும்?

என்னிடம் இல்லை. அப்பா ஜிலேபி வாங்கி வந்து, நம்ம பொண்ணு தப்பிச்சிட்டா என்று தெருவெல்லாம் சொன்னார். நானும் மகளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மறுநாள் டாக்டர் போனில் கூப்பிட்டு, வீட்டுக்காரருக்கும் பார்த்துவிடலாம் என்றார். ஆம்பளைக்கு எதற்கு என்று வாய்வரை வந்துவிட்டது. ஆம்பளைக்கும் அபூர்வமாக நோய் வரலாம், வராவிட்டாலும் பிள்ளைக்குக் கொடுக்க முடியும் என்றார். அத்தையை வேறு வீடு என்று சொன்ன அப்பாவிடம் அத்தனை சண்டை பிடித்த நான், அத்தை பெற்ற மகனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

பரிசோதித்ததில் அவருக்கு இருந்தது. மகளுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்கள்.

அவளிடம் எப்படிச் சொல்வதென்று நாங்கள் தவித்துக்கொண்டிருந்தபோது, அவளே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசியதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"அப்பா, எனக்கு எப்பப்பா பாக்கப்போறீங்க?"

அவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நாளைக்கே போகலாம் என்று நான்தான் சொன்னேன்.