முதுகுப் பக்கம் போன சீதை

பாலித் தீவில் எங்கள் காமசான் கிராமத்தில் ஓவியம்தான் தொழில்; அதில் பெண்கள் வண்ணம் மட்டும்தான் பூசுவார்கள். கறுப்புக் கோடு ஆண்களுடையது. அந்தக் கோட்டை என் தங்கை நெங்கா தன் கைக்கு வாங்கினாள். நாலாம் வகுப்போடு நின்றவள், இராமாயணப் படத்தில் யாருக்கு எந்த மகுடம் என்பதில் பெரிய ஓவியர்களையே திருத்தினாள். இடது கண்ணில் பூ விழுந்த பிறகும், விழா நாளில் ஆண்கள் முதுகில் கட்டும் கிரிஸ் கத்தியின் மர உறையில் மூன்று விரல் அகலத்துக்குள் அனுமன் வாலை மயிர் மயிராக வரைந்தாள். ஒரு கோயில் ஊர்வலத்தில் ஒன்பது பேர் முதுகில் அவள் வரைந்த உறைகள் போயின. எண்ணியவன் நான்.

உறைக்கு மரம் இழைப்பதும் நான்தான். எதையும் மூன்று முறை அளப்பேன். அப்படிப்பட்டவன் செய்த காரியம் இது.

குஸ்தி ராய் என்ற பெரியவர் தன் மகன் கல்யாணத்துக்கு உறை கேட்டார். எந்தப் பக்கம் வரைய வேண்டும் என்று பென்சிலால் குறி போட்டுக் கொடுத்தேன். சீதை தீயில் இறங்குவதை நெங்கா இருபது நாள் வரைந்தாள். ஒவ்வொரு தழல் நுனியிலும் பொன் வைத்தாள். மாப்பிள்ளை முதுகில் கட்டிப் பார்த்தபோது வெறும் மரம்தான் வெளியே தெரிந்தது. சீதை அவன் முதுகோடு ஒட்டிக் கிடந்தாள்.

“மொட்டை மரத்தைப் பாக்கவா சொந்தக்காரங்களைக் கூப்பிட்டிருக்கேன்?” என்றார் குஸ்தி. “பொம்பளை கையில கோட்டைக் கொடுத்தா இப்படித்தான். இனிமே வண்ணத்தோட நின்னுக்கோம்மா. வேற ஆளை வரையச் சொல்லிக்கிறேன்.”

பக்கம் மாற்றிக் குறித்தவன் நான். கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் பின்னாலிருந்து நெங்கா கேட்டாள்: “அண்ணா, பென்சில் யார் கையில இருந்துச்சு?”

“என் கையிலதான்.”

“நாக்கு? வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டீங்களா?”

வீட்டுக்கு வந்ததும் கோட்டுத் தூரிகைகளைக் கழுவித் துடைத்து என் பெட்டியில் வைத்தாள்.

மறுநாள் காலை குஸ்தி வீட்டில் போய் நின்றேன். அவருடைய தம்பிமார்களும் இருந்தார்கள். பக்கம் மாற்றிக் குறித்தது நான்தான், அவள் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

“இதை நேத்தே சொல்றதுக்கென்ன?” என்றார் குஸ்தி.

“வெட்கமா இருந்துச்சு.”

“இன்னைக்கு?”

“நேத்தைவிட அதிகமா இருக்கு.”

அவர் உறையை என் கையில் கொடுத்தார். “மறுபக்கமும் அவளே வரையட்டும். கீழே பேரும் அவளுதா இருக்கட்டும். உன் பேரு வேணாம்.”

அதுவரை எல்லா உறையிலும் என் பெயர்தான் இருந்தது. அது தப்பென்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுபக்கத்துக்குப் பதினோரு நாள் ஆயிற்று. வரைந்து முடித்து, அடி விளிம்பில் முதல்முறையாகத் தன் பெயரை எழுதினாள்: நி நெங்கா சுவிதி, 17 ஜூலை 2018.