நேரத்துக்கு முன் அடித்த மணி

பாளையங்கோட்டைக் கலாசாலை ஒன்றில் மணியடிக்கும் சேவகனாக நான் இருந்த காலத்தில், என் மாமன் மகன் அங்கேயே மாணவனாயிருந்தான். இருவருக்கும் ஒரே வயது. என் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. அவன் படிப்புக்கு அவன் தகப்பனாரின் வயல் இருந்தது. அவன் சட்டையையோ குடையையோ கண்டு நான் பொறாமைப்பட்டதில்லை. வகுப்பில் எழுந்து நின்று தன் கருத்தைச் சொல்ல அவனுக்கிருந்த உரிமையே என்னை உறுத்தியது.

வெள்ளிக்கிழமைதோறும் கடைசி வேளையில் தமிழாசிரியர் புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டில் பேசத் துணியாத பொருள் ஒன்றை வகுப்பில் பேசவிடுவார். மணியடித்தபின் பேச்சில்லை, அப்பொருளை மறுவாரம் தொடுவதுமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை எடுத்தது விதவா விவாகம். என் வீட்டிலோ பதினாறு வயதில் தாலியிழந்த தங்கை இருந்தாள். சன்னலுக்கு வெளியே, மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டின் அருகில் நின்று கேட்டேன். சாஸ்திரம் சொன்னார்கள், சீர்திருத்தம் சொன்னார்கள். விடியுமுன் யார் கண்ணிலும் படாமல் ஆற்றில் குளித்துத் திரும்பும் ஒரு பெண்ணை அறிந்து பேசியவர் ஒருவருமில்லை. அறிந்த நான் வெளியே நின்றேன்.

ஆசிரியர் கேட்டார்: "வாதம் போதும். உங்களில் எவராவது அப்படியொரு பெண்ணை மணக்கச் சம்மதிப்பீர்களா?"

"கட்டுரை எழுதச் சொல்லுங்கய்யா, எழுதித் தாரோம்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அச்சிரிப்பினூடே என் மாமன் மகன் எழுந்தான். அறை அடங்கியது. என் வீட்டுத் துயரத்தைக்கூட இவன்தான் அழகாகப் பேசிப் பெயர் வாங்க வேண்டுமா என்று எண்ணினேன். கடிகாரத்தில் இன்னும் ஐந்து நிமிடமிருந்தது. மணியை அடித்தேன்.

வீடு திரும்பும் வழியில் அவன் கேட்டான்: "இன்னும் நேரம் கெடந்துதே மச்சான், ஏன் அடிச்ச?"

"கடிகாரத்தத் தப்பாப் பாத்துட்டேன். நீ என்ன சொல்ல வந்த?"

"ஒன் தங்கச்சிய நானே கெட்டிக்கிடுதேன்னு. அத்தன பேர் முன்னால சொல்லிட்டா, பெறகு அப்பா மெரட்டுனாலும் பின்வாங்க முடியாது பாத்தியா."

"இப்ப வீட்டுக்கு வந்து சொல்லேன்."

அவன் குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டான். "பைய பாப்போம்" என்றான்.

தை மாதம் அவனுக்கு வேறிடத்தில் கலியாணமாயிற்று. நடந்ததை என் தங்கையிடம் நான் சொன்னதில்லை; கடைசிவரை அவள் என் வீட்டிலேயே இருந்தாள். குற்றம் என்னுடையதென்று அறிவேன். ஆயினும் அந்த வெள்ளிக்கிழமையை நினைக்குந்தோறும், அவன் எழுந்து நின்றதன்மேல் உண்டான பொறாமையே முதலில் வருகிறது. வருத்தம் அதன் பின்னரே.