முதலில் பார்த்த தட்டு

எங்கள் ஆய்வகத்தில் அவர் பெயர் இருட்டக்கா. உள்ளே வந்ததும் முதல் வேலையாக விளக்கை அணைப்பார். யாராவது சுவிட்சில் கை வைத்தால், "உங்க அழகை வெளிய போய்க் காட்டுங்க, என் சாயம் கெட்டுடும்" என்று விரட்டுவார். பக்கத்து மேசைக்காரியான நான் ஒன்பது வருடமாக அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சாயம் லேசுப்பட்டதல்ல. நோயாளியின் ரத்த அணுக்களில் ஊற்றினால், உடம்பை உள்ளிருந்தே அரிக்கும் கெட்ட ஆக்சிஜன் எங்கே அதிகமோ அங்கே பச்சையாக ஒளிரும். மருந்து வேலை செய்தால் பச்சை குறையும். ஆனால் வெளிச்சம் பட்டாலோ, ஊற்றி வெகுநேரம் ஆனாலோ, சும்மாவே பச்சையாகிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு அக்கா சொல்லும் முதல் பாடம் இதுதான்.

அக்காவின் தம்பிக்குச் சிறுநீரகம் கெட்டு இரண்டு வருடமாகிறது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். எங்கள் டாக்டர் ஒரு புது மருந்தைச் சோதித்தபோது அவனும் ரத்தம் கொடுத்தான். ஒவ்வொருவர் அணுக்களையும் இரண்டு தட்டுகளில் பிரித்து, ஒன்றில் மருந்தும் மற்றதில் வெறும் உப்புநீரும் விடுவோம். மூன்று வாரமாக மருந்துத் தட்டுகளில் பச்சை பாதியாகக் குறைந்தது. மருந்தை நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்க்க டாக்டர் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதி வைத்தார். பட்டியலில் தம்பிதான் முதல் ஆள். அக்கா அந்த நாட்களில் விளக்கு போட்டவர்களைக்கூடத் திட்டவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாத் தட்டிலும் சாயம் ஊற்றி முடித்த நேரத்தில் தம்பியிடமிருந்து போன். டயாலிசிஸ் நடுவில் மயக்கம் வந்து தெளிந்திருந்தான். அக்கா பேசிவிட்டு வர முக்கால் மணி நேரம் ஆனது. சாயம் காத்திருக்காதே என்று நான் உப்புநீர்த் தட்டுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதி வைத்தேன். மிச்சத்தை அக்கா வந்து பார்த்தார். மருந்துத் தட்டுகள்தான் பளிச்சென்று பச்சையாக இருந்தன.

"இத்தனை நாளா நீங்க எதை முதல்ல பாப்பீங்க?" என்றேன்.

அக்கா மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார். "மருந்துத் தட்டுதான். அதுலயும் தம்பியோடதுதான் முதல்ல. மனசு கேக்கல."

அப்படியென்றால் அந்த மூன்று வாரமும் கடைசிவரை காத்துக்கிடந்த உப்புநீர்த் தட்டுகள்தான் சும்மாவே பச்சையாகியிருக்கின்றன; மருந்து எதையும் குறைக்கவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவருக்குத் தன் பாடம் மறந்துபோயிருந்தது. இதை யாரிடமும் சொல்லாமல் விட்டால்தான் என்ன என்று எனக்குத் தோன்றியது. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் எதில் மருந்து, எதில் உப்புநீர் என்று தெரியாதபடி தட்டுகளைக் கலைத்து வைத்துப் பார்த்தோம். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. அக்கா நேராக டாக்டர் அறைக்குப் போய்ச் சொன்னார். டாக்டர் கடிதத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். திட்டவில்லை.

சாயங்காலம் தம்பி வந்தான். ஆய்வக வாசல் பெஞ்சில் உட்காரவைத்து அக்கா எல்லாவற்றையும் சொன்னார். அவன் காலைப் பார்த்தபடியே கேட்டான்.

"அப்ப தினமும் என் தட்டைத்தான் முதல்ல பாத்தியா?"

"ஆமாடா."

அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். "இனிமே என்னைக் கடைசியா பாருக்கா. அடுத்த மருந்தாவது நிஜமா இருக்கணும்ல."

அக்கா அழுதார். நானும்தான்.