சந்தனம் எடுத்தாச்சு

போர்டு மாட்டிய அன்று ஷெட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. எங்கள் மருமகள். வயரிங் செய்ய வந்த பாய். பிறகு, தட்டில் இருநூறு முட்டையின் புழு. மகன் ஓசூரில் வேலையில் இருந்தான். அவன் வரவில்லை.

புழு என்றால் பட்டுப்புழு. இருநூறு முட்டை என்பது கணக்குப் பெயர். ஒரு பூச்சி இடுகிற மொத்த முட்டையையும் நாங்கள் ஒன்று என்போம். இண்டூரிலிருந்து பென்னாகரம் போகிற வழியில் எங்கள் காடு. ஒன்றரை ஏக்கர் மல்பெரி. இலை வெட்டிப் போட்டு, புழு வளர்த்து, கூடு எடுத்து, மார்க்கெட்டில் போடுவோம். பதினாறு வருடமாக அதுதான் வேலை.

போன இரண்டு தடவையும் சரியில்லை. முதல் தடவை வெயிலில் இலை காய்ந்து போனது. புழு தின்னவில்லை. நாற்பத்தொரு கிலோ கூடுதான் வந்தது. அடுத்த தடவை நான் பயந்து, வெயிலுக்கு ஷெட்டைச் சுற்றிக் கட்டுகிற சாக்கை அளவுக்கு மேல் நனைத்துத் தொங்கவிட்டேன். ஈரம் ஏறியது. புழு சுண்ணாம்புக் குச்சி மாதிரி வெளுத்து, விறைத்துச் செத்தது. முப்பத்தாறு கிலோ. இரண்டு தடவையும் ஷெட்டில் ஈரம் எவ்வளவு என்று சொன்னது என் கை. முன்பு சுவரில் ஒரு கண்ணாடி மானி இருந்தது. அது உடைந்து இரண்டு வருடம்.

மருமகள் கம்ப்யூட்டர் படித்தவள். அவள்தான் அந்தப் போர்டை வரவழைத்தாள். ரேஷன் கார்டு அளவு. பச்சைத் தகடு. அதன் மேல் கறுப்புக் கறுப்பாகச் சில்லு. விலை கம்மி என்றாள். பாய் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவா கம்ப்யூட்டரு? பொட்டி எங்க, டிவி எங்க?"

"இதான் பாய் முழுசும். எல்லாம் இந்த ஒரே போர்டுல இருக்குது."

"இந்தத் தகட்ட நம்பி நான் பேனுக்கு லைன் குடுக்கணும்."

"குடுங்க பாய்."

"எரிஞ்சா என்ன கேக்காதம்மா. அண்ணா, நீங்க சாட்சி."

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

வேலை இதுதான். ஷெட் நடுவில், தட்டுக்கு மேலே, ஒரு சின்ன வெள்ளை டப்பா தொங்கும். அது காற்றில் உள்ள ஈரத்தைப் பார்த்துப் போர்டுக்குச் சொல்லும். ஈரம் அதிகமானால் போர்டு பேனைப் போட்டு வெளியே தள்ளும். குறைந்தால் பேனை நிறுத்திவிட்டு, பனி மாதிரித் தண்ணீர் தெளிக்கிற குழாயைத் திறக்கும். நம்பர் மருமகளின் போனில் தெரியும்.

எல்லாம் மாட்டியதும் மனைவி சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் பொட்டு வைப்போம். மோட்டாருக்கு வைப்போம். மருந்து அடிக்கிற மெஷினுக்கு வைப்போம். பேனுக்கு வைத்தாள், சுவிட்சுக்கு வைத்தாள், போர்டு இருந்த பெட்டிக்கு வைத்தாள். வெள்ளை டப்பா அவளுக்கு எட்டவில்லை.

"ஏங்க, அதுக்கு நீங்க வெச்சுடுங்க."

வைத்தேன். சின்னதாகத்தான்.

பத்து நாள் நன்றாகப் போனது. நம்பர் ஏறும், இறங்கும். பேன் ஓடும், நிற்கும். புழு மூன்று தடவை தோல் உரித்து, நான்காவது தடவையும் உரிக்கத் தூங்கியது. செத்த புழு கைவிரலில் எண்ணுகிற அளவுதான். மனசு கொஞ்சம் இளகியது. அந்த வெள்ளிக்கிழமை மனைவி விளக்கு வைத்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தாள். இந்தத் தடவை நான் தாராளமாக வைத்தேன்.

சனிக்கிழமை புழு விழித்தது. இனி ஏழு நாள் ஓயாமல் தின்னும். வாழ்நாளில் தின்கிறதில் முக்கால் பங்கை இந்த ஏழு நாளில்தான் தின்னும். கூடு வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது. மருமகள் அன்று சாயங்காலம் போர்டைப் பற்றி வீடியோ எடுத்தாள். அவளுக்கு ஒரு சேனல் இருக்கிறது. முன்பு கோலமும் சமையலும் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, சும்மா பின்னாடி நில்லுங்க. ஆள் இருந்தாதான் ஷெட்டு எவ்ளோ பெருசுன்னு தெரியும்."

நின்றேன். விலை கம்மியான போர்டு, நாங்கள் இப்படிப் பயன்படுத்துகிறோம், உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள் என்று சொல்லி முடித்தாள். போனில் நம்பர் தொண்ணூற்றைந்து காட்டியது.

"ஈரம் ஜாஸ்தியா இருக்குது மாமா. சாக்க எடுத்துடலாமா?"

போன தடவை சுண்ணாம்பாகச் செத்தது கண்ணில் வந்தது. எடுத்துவிட்டோம். பேன் ஓடிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். புழுவைப் பார்த்தான். போர்டைப் பார்த்தான். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சொன்னான்.

"அப்பா, இந்தத் தடவை நூறு கிலோ வந்தா உன் இஷ்டம். வரலன்னா மல்பெரியப் புடுங்கிட்டு குச்சிக்கிழங்கு போட்டுடலாம். நீயும் அம்மாவும் ஓசூர் வந்துடுங்க. எங்க கம்பெனி கேட்டுல வாட்ச்மேன் வேல உனக்குப் பேசி வெச்சிருக்கேன். நாற்காலி குடுப்பாங்க. ஒக்காந்துக்கலாம்."

"சரி" என்றேன்.

அவன் சொன்னதில் தப்பில்லை. இரண்டு தடவை நஷ்டத்துக்கும் அவன்தான் பணம் அனுப்பினான். ஆனால் அன்று இலை போடும்போது கைக்குக் காற்று வறண்ட மாதிரி இருந்தது. போட்ட இலை ஒரு மணி நேரத்தில் ஓரம் சுருண்டது. புழு தின்கிற சத்தம் குறைந்திருந்தது. மனைவியும் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாங்க, இல அப்பளமா இருக்குது?"

"நம்பர் தொண்ணூத்தஞ்சு சொல்லுது."

என் கை இரண்டு தடவை தோற்ற கை. மூன்றாவது தடவை அதை நம்ப எனக்கு மனசு வரவில்லை.

மருமகளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. காலையிலும் தொண்ணூற்றைந்து, மத்தியானத்திலும் தொண்ணூற்றைந்து. வயரை அசைத்துப் பார்த்தாள். அணைத்துப் போட்டாள். மறுபடியும் தொண்ணூற்றைந்து. அன்று இரவு வீடியோவுக்குக் கீழே அவளே எழுதினாள்: நம்பர் ஒரே இடத்தில் நிற்கிறது, போர்டு கெட்டுவிட்டதா, யாராவது சொல்லுங்கள்.

திங்கட்கிழமை காலையில் பேன் மோட்டார் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. பாய்க்குப் போன் செய்தேன். வருகிறேன் என்றார். மருமகள் போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு இலை வெட்டப் புறப்பட்டாள். முகம் சரியில்லை.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்ல மாமா. போர்டு தண்டமாம். தூக்கிப் போடச் சொல்றாங்க. கீழ போகப் போக ஒரே கிண்டலு. நீங்க படிக்காதீங்க."

நான் மூன்றாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அந்த வீடியோவை அவள் எனக்கும் அனுப்பியிருந்தாள். இலைக் கட்டின் மேல் உட்கார்ந்து என் போனில் திறந்தேன். அறுபத்து நான்கு பேர் எழுதியிருந்தார்கள். இங்கிலீஷில் இருந்ததை விட்டேன். மற்றதை ஒன்றுவிடாமல் படித்தேன். வேகமாகப் படிக்கிறவர்கள் நடுவில் விட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு அது வராது.

"முதல் கமெண்ட் நான்தான்" என்று ஒருவர். அதோடு சரி.

"இந்தக் காசுக்கு இதுவே ஜாஸ்தி அக்கா. குறை சொல்லாதீங்க."

"குப்பை போர்டு. ஒரு மாசத்துல சூடாகிச் செத்துரும்."

"நான் கோழிப்பண்ணையில மூணு வருசமா ஓட்டறேன். ஒண்ணும் ஆவல. மேல பேசினவரு கையில எடுத்துப் பாத்திருக்காரா?"

"பாக்காம பேசல. ரெண்டு வாங்கி ரெண்டும் போச்சு."

"உனக்குப் போனா எல்லாருக்கும் போவுமா?"

இரண்டு பேரும் இப்படியே ஒன்பது தடவை அடித்துக்கொண்டார்கள். புழுவைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

"பழைய செல்போனே போதுமே, போர்டு எதுக்கு?"

"புழு பாவம் இல்லையா?"

"பின்னாடி நிக்கற பெருசு யாரு, செக்யூரிட்டியா?"

அதை இரண்டு தடவை படித்தேன். பிறகு கீழே போனேன்.

"கம்ப்யூட்டருக்கே பொட்டு வெச்ச குடும்பம்டா இது." இதற்குக் கீழே இருபத்திரண்டு பேர். ஆரத்தி எடுத்தீங்களா என்று ஒருவர். பேனுக்குப் பூணூல் போடுங்க என்று ஒருவர். சிரிக்கிற பொம்மை வரிசையாக. மருமகள் இந்த இடத்தில்தான் போனைக் கவிழ்த்திருப்பாள். நான் ஒவ்வொன்றாகப் போனேன். அந்த இருபத்திரண்டில் பதினேழாவது இது:

"சிரிக்கிறத விடுங்க. அக்கா, பொட்டு வெக்கிறது உங்க இஷ்டம். ஆனா மேல தொங்கற வெள்ளை டப்பாவப் பாருங்க. முன்பக்கம் ஓட்டை ஓட்டையா இருக்கும். அது வழியாதான் அது ஈரத்த மோந்து பாக்கும். அந்த ஓட்டை மேலயே சந்தனம் அப்பியிருக்கு. சந்தனத்தோட ஈரத்தத்தான் அது உங்களுக்குச் சொல்லுது. போர்டு மேல தப்பு இல்ல. டப்பாவ மாத்துங்க."

யார் என்று தெரியாது. பெயர் இருந்த இடத்தில் ஒரு நாய்ப் படம்.

ஏணியை எடுத்துப் போட்டு ஏறினேன். ஆமாம். ஓட்டை ஒன்றுகூடத் தெரியவில்லை. நான் வைத்த சந்தனம் மேலே காய்ந்து, உள்ளே இன்னும் பிசுபிசுப்பாக இருந்தது.

இறங்கி வரும்போது மருமகள் இலைக் கட்டோடு வந்தாள். பாயும் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"பொட்டு நான் வெச்சது" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. போனைக் காட்டினேன். படித்தாள். ஏணியில் ஏறிப் பார்த்தாள். அங்கேயே நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ மாமா! மூணு நாளா இதுக்குக் கீழதான் நான் நடந்துட்டு இருக்கேன்."

பாய் நிமிர்ந்து பார்த்தார். "ஏண்ணா, மூக்குல சந்தனம் அடைச்சா மனுசனே மூச்சு விடமாட்டான். அது இன்னா பண்ணும் பாவம்."

"பேச்ச வுடு பாய். வேற டப்பா இருக்குதா பாரும்மா" என்றாள் மனைவி.

இருந்தது. இரண்டு வாங்கினால் மலிவு என்று மருமகள் இரண்டாக வாங்கியிருந்தாள். பாய் வயரைக் கழற்றி மாட்டினார். மருமகள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நாப்பத்தொம்பது" என்றாள்.

பேன் தானாக நின்றது. ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு குழாய் சீறியது. மேலிருந்து பனி இறங்கியது. மனைவி ஓடிப்போய்ச் சாக்கை நனைத்தாள். நான் காய்ந்த இலையை அள்ளி வெளியே போட்டேன். புது இலை போட்டோம். அரை மணி நேரம் கழித்து மருமகள் காதைச் சாய்த்தாள்.

"கேக்குதா மாமா?"

கேட்டது. முதலில் ஒரு மூலையில். பிறகு வரிசையாக.

பாய் பேன் மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, நல்லாத்தான் இருக்குது என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். போகும்போது மனைவியைச் சீண்டினார். "அடுத்த வெள்ளிக்கிழம பொட்டு எங்க வெப்பீங்க?"

"உன் தலைல வெக்கறேன், குனி."

சாயங்காலம் மருமகள் போனை எடுத்தாள். கிண்டல் செய்தவர்களை எல்லாம் அழித்துவிடப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

"உங்களக்கூட செக்யூரிட்டின்னு எழுதியிருக்கானே மாமா."

"இருக்கட்டும். அவனுங்க சிரிக்கலன்னா அந்த ஆளு எழுதியிருக்க மாட்டாரு."

அவள் அழிக்காமல் விட்டாள். பிறகு, "அந்த ஆளுக்குப் பதில் எழுதணும். நீங்க சொல்லுங்க, நான் அடிக்கறேன்" என்றாள்.

யோசித்தேன்.

"சந்தனம் எடுத்தாச்சு. புழு தின்னுது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அப்படியே எழுதினாள். எழுதிவிட்டுச் சிரித்தாள். "மாமா, எல்லாரும் கருத்து சொல்லிட்டாங்க. போர்டப் பத்தி நீங்க இன்னா சொல்றீங்க?"

போர்டு எங்களுக்குக் கெடுதல் எதுவும் செய்யவில்லை. அதற்குச் சொன்னதை அது செய்தது. ஈரம் என்று சொன்னோம், பேனைப் போட்டது. இதை எல்லாம் எப்படிச் சொல்வது.

"ஓடுது" என்றேன். அதையும் எழுதினாள்.

மூன்று நாள் வீணானதில் கொஞ்சம் புழு சிறுத்துப் போயிருந்தது. ஓரத் தட்டில் இருந்ததை எடுத்து எறிந்தோம். மற்றது தேறியது. இரண்டு நாள் தாமதமாகக் கூடு கட்ட ஏறியது. நான் தினம் நம்பரையும் கேட்டேன், இலையையும் தொட்டேன். இரண்டும் ஒத்துவராத அன்று மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். சொல்வதற்கு எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. மனைவி சந்தனத்தைப் பெட்டியின் மூடியில் மட்டும் வைத்தாள்.

கூடு பறித்த அன்று மகன் லீவு போட்டு வந்தான். வண்டியில் ஏற்றி நால்வரும் மார்க்கெட் போனோம். சாக்கு சாக்காகத் தராசில் ஏறியது. ஒவ்வொன்றுக்கும் மகன் நம்பரைச் சொன்னான். மருமகள் போனில் கூட்டிக்கொண்டே வந்தாள். மூன்றாவது சாக்கில் அவன் குரல் மாறியது. கடைசிச் சாக்கை நானே தூக்கி வைத்தேன். வாட்ச்மேன் வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. மருமகள் போனை என் பக்கம் திருப்பினாள்.

நூற்றுப் பதிமூன்று கிலோ, நானூறு கிராம்.