அலசின தண்ணீர்

லாண்டரி அண்ணனை அவருடைய மாமியாரே லாண்டரி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். கடை வாசலில் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம் இருக்கும். கடைசியாக அலசின தண்ணீரை அதில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். தெளிவாக இருந்தால் துணி கொடிக்குப் போகும், இல்லாவிட்டால் திரும்பத் தொட்டிக்கு. "தெளிஞ்ச பிறகும் இன்னொரு தடவை அலசினா கை தேஞ்சா போயிடும்?" என்று மனைவி முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பு கிண்ணத்தில் தெரியாது.

அப்படிப்பட்டவருக்குப் பெருங்குடலில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். தையல் ஆறி வருகிற சமயம் டாக்டரம்மா அவரையும் மனைவியையும் அழைத்து உட்கார வைத்தார்.

"கட்டிய முழுசா எடுத்தாச்சு. எடுக்கறதுக்கு முன்னாடி வயித்துக்குள்ள உப்புத் தண்ணி விட்டு, அதைத் திரும்ப எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினோம். அதுல புற்று செல் உதிர்ந்து கிடக்கு."

"தண்ணி என்ன கலர்ல இருந்துச்சு?"

"தெளிவாத்தான் இருந்துச்சு."

"அப்ப சுத்தம்" என்று அண்ணன் எழுந்தே விட்டார்.

"உக்காருங்கய்யா. செல்லு கண்ணுக்குத் தெரியாது, மைக்ராஸ்கோப்லதான் தெரியும். இப்படி இருக்கிறவங்களுக்கு நோய் திரும்பி வர்றது அதிகம், ஆயுசும் குறையுது. அதனால மருந்து ஏத்திக்கணும்."

"எனக்கு எவ்வளவு குறையும்?"

"அது பொதுவாச் சொல்றது. உங்களுக்கு இவ்வளவுன்னு சொல்ல முடியாது."

"பாத்தியா, அவங்களுக்கே தெரியல" என்றார் மனைவியிடம். மருந்து ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாக மோர் குடித்தார்.

மனைவி அழவில்லை. அழுதால் அவர் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிடுவார் என்று தெரியும். கடைக்குப் போய் ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து வந்து அவர் மடியில் போட்டார். கழுத்துப் பட்டையில் மஞ்சள் படர்ந்திருந்தது.

"யார் சட்டை இது?"

"வக்கீல் சட்டை. ஆபரேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்களே கிண்ணத்துல பாத்து கொடிக்கு அனுப்பினது. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குன்னீங்க. இஸ்திரி சூடு பட்டதும் கறை எந்திரிச்சு வந்துருச்சு."

அண்ணன் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறு யாராவது துவைத்திருக்கலாமே என்பது போல உள்பக்கமும் பார்த்தார்.

"திரும்பத் தொட்டில போடு" என்றார் கடைசியில்.

"சட்டைய நான் போட்டுக்கறேன். நீங்க எப்ப தொட்டிக்குப் போறீங்க?"

அண்ணன் ரேடியோவை அணைத்தார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றக் கையில் ஊசி குத்த வந்த நர்ஸிடம், "நல்லா அலசி விடும்மா, ஒரு இடம் பாக்கி வைக்காதே" என்றார். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மருந்து அவர் முடியைக் கொண்டுபோனது. நாக்கில் ருசியைக் கொண்டுபோனது. பிடிவாதத்தை விட்டுவைத்தது. கிண்ணம் இன்னும் வாசலில்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் தெளிந்த பிறகும் துணியை இன்னொரு முறை அலசுகிறார்கள். யார் சொல்லி என்று அவரிடம் கேட்டால், நானேதான் என்பார்.

"திரும்பி வராதுல்ல அண்ணே?" என்று வாடிக்கைக்காரர்கள் கேட்பதுண்டு.

"காஞ்சாத்தான் தெரியும்."

"காயற வரைக்கும் சும்மா நிக்காம அந்தப் போர்வையைப் பிடிங்க, பிழியணும்" என்பார் மனைவி.