ஏழாம் சுற்றில் ஓர் இடைவெளி

மீன் இழுத்து ஒடிந்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு கதையாவது மிஞ்சியிருக்கும். காயில்காரரின் தூண்டில் கம்பு பஸ் கதவில் மாட்டி ஒடிந்தது.

"கம்புக்கும் ஒரு டிக்கெட் எடுத்திருந்தா உள்ள நிறுத்தியிருப்பேனே" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. காயில்காரர் ஒடிந்த துண்டைக் கையில் பிடித்தபடி, சிரிப்பு அடங்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மோட்டார்களுக்குக் காயில் சுற்றுவது அவர் தொழில். ஊர் கூப்பிடும் பேரும் அதுவே. எரிந்துபோன மோட்டார் வந்தால், பழைய செம்புக் கம்பியைப் பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ணிக்கொள்வார். இப்படி எண்ணி எண்ணியே, ஒரு காயிலைப் பார்த்ததும் அது யார் கை சுற்றியது என்று சொல்லிவிடுவார், கையெழுத்தைப் பார்த்துச் சொல்வதுபோல.

ஒடிந்த கம்பை அவர் சும்மா விடவில்லை. உள்ளே ஒரு குச்சியைச் செருகி, மேலே நெருக்கமாக நூல் சுற்றி, மோட்டாருக்குப் பூசும் வார்னிஷையே பூசி, இரண்டு நாள் காயவைத்தார். வளைத்துப் பார்த்தபோது மேலேயும் கீழேயும் வளைந்தது. ஒட்டுப் போட்ட இடம் மட்டும் கழுத்து சுளுக்கியவன் மாதிரி விறைத்து நின்றது. அடுத்த பெரிய மீன் அந்த விறைப்பின் ஓரத்திலேயே மறுபடி ஒடிக்கும். பரண்மேல் போட்டார்.

மனசில்லாமல்தான் போட்டார். அதுவும், பட்டறையில் கூடவே காயில் சுற்றிய அண்ணனுடைய கம்பும் ஒரே நாளில் வாங்கியவை, இரண்டும் பாசிப்பச்சை. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை, தன் கம்போடு அலைத்தடுப்புச் சுவருக்குப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை, கம்பும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் காயில்காரர் அதே சுவரில் போய் உட்கார்ந்தார். மீனுக்காக என்று ஊர் நினைத்தது. அண்ணி அப்படி நினைக்கவில்லை.

அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் தையல் வேலை. நாற்பத்திரண்டு வயது. பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். அதற்கு முதலில் அண்ணன் இறந்துவிட்டார் என்று கோர்ட் சொல்ல வேண்டும். கோர்ட் சொல்ல, கூடப்பிறந்தவர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: 'ஒன்பது ஆண்டுகளாக அவரைப் பற்றி எனக்கு எந்தத் தகவலும் வரவில்லை.' மூன்று மாதமாக அந்தக் காகிதம் காயில்காரரின் பையிலேயே மடங்கிக் கிடந்தது.

"திங்கக்கிழமை கடைசி, தம்பி" என்றாள் அண்ணி. "அதுக்கப்புறம் நான் கேக்க மாட்டேன்."

சனிக்கிழமை மதியம் அவர் தூண்டில் கடைக்குப் போனார்.

"வாங்க மாஸ்டர்! பஸ்ஸோட மல்லுக்கட்டினீங்களாமே?" என்று கடைக்காரர் மூன்று புதுக் கம்புகளை எடுத்துப் போட்டார். காயில்காரர் ஒவ்வொன்றையும் கண்ணோடு சேர்த்துப் பிடித்து, வளையங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தார். நுனியைத் தரையில் அழுத்திப் பார்த்தார். ஒன்று வளையவே இல்லை. ஒன்று வளைந்தது, நிமிரத்தான் யோசித்தது. மூன்றாவது பரவாயில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பியபோதுதான் கண்ணில் பட்டது. மூலையில் பழைய கம்புகள் சாத்தியிருந்த டிரம்முக்குள் ஒரு பாசிப்பச்சை.

எடுத்தார். வளையத்தைக் கம்போடு கட்டியிருந்த நூலின் சுற்றுகளை எண்ணினார். ஆறு சுற்று நெருக்கம், ஏழாவதில் மயிரிழை இடைவெளி. மறுபடி ஆறு, மறுபடி இடைவெளி. அண்ணனுக்கு இடது ஆள்காட்டி விரலில் நுனி கிடையாது, ஃபேன் இறக்கை வாங்கிக்கொண்டது. ஏழாவது சுற்றில் பிடி மாற்றும்போது நூல் வழுக்கும். எத்தனை மோட்டாரில் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள்!

கட்டைவிரலால் அழுத்தினார். விரல் பதிந்தது. வார்னிஷ் ஈரமாக இருந்தது. பட்டறை வாசனை அடித்தது. திறந்த வெளியில் இரண்டே நாளில் காய்ந்துவிடுகிற வார்னிஷ் அது.

"இதை யார் கொண்டு வந்தா?"

"யாருக்குத் தெரியும்? ஆறு வருஷம் முன்னாடி நான் கடையை வாங்கறப்பவே அங்கதான் நின்னுச்சு. நான் துடைச்சதுகூட இல்ல."

"வார்னிஷ் காயலையே."

"மழைக்காலம் மாஸ்டர். என் மீசையே காய மாட்டேங்குது."

பச்சைக் கம்பை மட்டும் தூக்கிக்கொண்டு நேராக அண்ணி வீட்டு மாடிப்படி ஏறினார். அண்ணி கம்பைப் பார்த்தாள். வாசனையை உணர்ந்து ஒரு அடி பின்னால் போனாள்.

"தொட்டுப் பாருங்க அண்ணி, தூண்டில் கடையில நின்னுச்சு, இன்னும் ஈரம். அவர் கைதான்."

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சரி. இந்த வாரம் சுத்தினதுன்னே வைங்க" என்றாள். "மூணு தெரு தள்ளி உக்காந்து நூல் சுத்த நேரம் இருந்திருக்கு. ஒன்பது வருஷத்துல இந்தப் படி ஏற மட்டும் நேரம் இல்ல. அப்படித்தானே?"

"அண்ணி..."

"செத்தவர் வந்து சுத்தினார்னா, செத்துட்டார். ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் காத்திருந்தது போதும்."

"தகவல் வரலைன்னு எப்படி எழுதிக் குடுப்பேன்? பொய்யாகிடுமே."

"வந்துச்சா? என்ன சொன்னார்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் சொல்லுங்க தம்பி, காகிதத்தை நானே கிழிச்சுடறேன்."

காயில்காரர் கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு சுற்று, இடைவெளி. ஆறு சுற்று, இடைவெளி. அதில் அவளுக்கு ஒரு வார்த்தையும் இல்லை.

பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கையை எடுக்கும்போது காகிதம் கட்டைவிரலோடு எழுந்து வந்தது. அண்ணிதான் மெல்லப் பிரித்தெடுத்தாள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புக் கறை நின்றது.

"இதென்ன கறை?" என்றார் திங்கட்கிழமை கோர்ட் குமாஸ்தா.

"வார்னிஷ்."

வாங்கிக்கொண்டார்கள். அண்ணி வாசல் கேட்டுக்கு வெளியே வந்துதான் அழுதாள். வேன் டிரைவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

காயில்காரர் பச்சைக் கம்பைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனார். டிரம்மில் வைப்பதற்கு முன் வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்தார். வார்னிஷ் கண்ணாடிபோல் இறுகி, மஞ்சளாகி, நுண்ணிய வெடிப்புகள் விட்டிருந்தது. பல வருடம் காய்ந்தால்தான் அப்படி வெடிக்கும். சனிக்கிழமை தன் கட்டைவிரல் பதிந்த இடத்தைத் தேடினார். அங்கே ஒரு பதிவு இருந்தது. சிறியது. ரேகை இல்லாமல், நுனி வெட்டுப்பட்டு, மொட்டையாக.

"என்ன மாஸ்டர், பிடிக்கலையா?"

"இதுக்கு ஆள் இருக்கு. அங்கயே நிக்கட்டும்."

மூன்றாவது புதுக் கம்பையே வாங்கிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை சுவருக்குத்தானே?"

"இல்ல. இனிமே ஏரிக்குப் போகலாம்னு இருக்கேன்."

பஸ்ஸில் கம்பை முழுசாக உள்ளே இழுத்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டார். கட்டைவிரலைக் கால்சட்டையில் தேய்த்தார். இரண்டு நாளாகப் பெயிண்ட் தின்னர் போட்டுத் துடைத்தாகிவிட்டது. பிசுபிசுப்பு இன்னும் போகவில்லை.