கடைசியாக ஏறிய மூட்டை யாருடையது?

போன வாரம் என் கம்ப்யூட்டர் ஒரு பெண்ணின் பெயரை விழுங்கிவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி இங்கே எத்தனை தடவை பீற்றியிருக்கிறேன்! போடியில் எங்கள் ஏலக்காய் ஏல மையத்துக்கு புரோகிராம் எழுதியது நான்தானே? மூட்டை வந்ததும் பெயர், ஊர், எடை தட்டுவோம். அதுவே ஒரு நம்பர் போட்டு அட்டவணையில் புது வரியாகச் சேர்க்கும். அடுத்து, ‘கடைசியாகச் சேர்ந்த வரி எது?’ என்று தேடி எடுத்துச் சீட்டு அடிக்கும். மாதக்கணக்கில் ஒரு தப்பு இல்லை.

போன வாரம் பக்கத்து மேஜையில் இன்னொரு கம்ப்யூட்டரை அதே அட்டவணையோடு இணைத்தோம்... வந்தது வினை.

போடிமெட்டிலிருந்து அன்னக்கொடி அக்கா வந்திருந்தார். இத்தனை வருஷமும் சீட்டு கணவர் பெயரில்தான். இந்த முறை, தன் பங்கு நிலத்துக் காயைத் தன் பெயரில் போட வந்திருந்தார். சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தவர் நிமிர்ந்தார்.

“தங்கச்சி, இதுல யாரோ தேவாரம் ஊர்க்காரரு பேருல்ல கெடக்கு? என் காய அவரு பேரச் சொல்லிக் கூவிருவாங்களே!”

அட்டவணையைத் திறந்து பார்த்தேன். அக்காவின் வரியைச் சேர்த்துவிட்டு, ‘கடைசி எது?’ என்று கேட்பதற்குள் பக்கத்து மேஜையில் தேவாரத்துக்காரரின் வரி சேர்ந்துவிட்டது. அப்போது கடைசி அவர்தானே? கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு.

“ஒரே ஜீப்பில் பத்துப் பேர் மூட்டை வருதே, உங்களுடையதை எப்படிக்கா கண்டுபிடிப்பீங்க? கடைசியா ஏத்தினதுன்னு சொல்வீங்களா?”

“அதெப்படி? எனக்குப் பெறகு வழியில இன்னொருத்தன் ஏத்துவான்ல. ஏத்துறதுக்கு முன்னாடியே சேலைத் துணியக் கிழிச்சுக் கட்டிருவேன்.”

துணி!

வெரசா உட்கார்ந்து திருத்தினேன். இனி ஒவ்வொரு வரியையும் சேர்ப்பதற்கு முன்பே ஓர் அடையாளம் கட்டிவிடும் — எந்த மேஜை, அங்கே எத்தனையாவது பதிவு என்று. தேடும்போது ‘கடைசி’ என்ற பேச்சே கிடையாது; அந்த அடையாளத்தைச் சொல்லித்தான் கேட்கும். இரண்டு மேஜையிலும் ஒரே நேரத்தில் தட்டிப் பார்த்தோம். அவரவர் வரி அவரவருக்கே வந்தது. அக்காவுக்கும் அவர் பெயரிலேயே புதுச் சீட்டு அடித்துக் கொடுத்தேன். சொன்னால் என்ன... எனக்குப் பெருமை பிடிபடவில்லை!

ஏலம் தொடங்கியது. கூடம் முழுக்க ஆம்பளைகள்.

“போடிமெட்டு, அன்னக்கொடி!”

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். “சரியாக் கேக்கல தங்கச்சி. இன்னொருக்கா கூவச் சொல்லேன்.”

தெருக்கோடி வரை கேட்டிருக்கும். ஆனாலும் எழுந்து நின்று சொன்னேன்: “அண்ணே, இன்னொரு தடவை!”